அளவுக்காரரின் பெருந்தன்மை

அளவுக்காரர் ஒரே ஆளை ஆறு வருஷமாக மன்னித்துக்கொண்டிருந்தார். ஒருதரம் மன்னித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்போம் என்று விடுகிற பிறவி இல்லை அவர். காலையில் கடை திறந்ததும் ஒருதரம், மத்தியானம் வாடிக்கைக்காரர் யாராவது தனியாக மாட்டினால் ஒருதரம், சாயங்காலம் டீ வந்ததும் ஒருதரம் என்று மாத்திரை சாப்பிடுகிற மாதிரி வேளை தவறாமல் மன்னிப்பார். மன்னிக்கப்பட்டவர் தூரத்தில் எங்கேயும் இல்லை. நாலடி தள்ளி, கட்டிங் மேஜை முன்னால் நின்று, குனிந்த தலை நிமிராமல் துணி வெட்டிக்கொண்டிருப்பார். அளவுக்காரரின் கூடப் பிறந்த தங்கையின் புருஷன். கடையில் எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளைதான்.

"அதோ பாருங்க," என்பார் அளவுக்காரர், அளவு கொடுக்கக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற அப்பாவியிடம். "அவர் எனக்குப் பண்ணின காரியத்துக்கு வேற ஒருத்தனா இருந்தா வாசப்படி மிதிக்க விட்டிருப்பானா? நான் விட்டேன். மனுஷன்னா மன்னிக்கத் தெரியணும் சார். அது எல்லாருக்கும் வராது."

கையைத் தூக்கியவர் என்ன சொல்வார், பாவம்? "ஆமாங்க" என்பார். கையை இறக்க விட்டால் போதும் என்றிருக்கும் அவருக்கு.

இன்றைக்கு இதையெல்லாம் சொல்லிச் சிரிக்கிற முதல் ஆள் அளவுக்காரரேதான். "மடையனுக்கும் ஒரு அளவு உண்டு. என்னை அளக்க எந்த டேப்பும் பத்தாது" என்பார். அவர் வாயால் கேட்டதைத்தான் நானும் சொல்கிறேன். ஓர் இஞ்சு கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

கடை திறந்த நாளில் வாங்கிய மஞ்சள் துணி டேப் ஒன்று அவர் கழுத்தில் எப்போதும் தொங்கும். குளிக்கும்போது கழற்றி ஆணியில் மாட்டுவார், துவட்டியதும் மறுபடி கழுத்துக்கு ஏறிவிடும். எண்கள் பாதி அழிந்து போயிருந்தன. அவருக்கு எண் எதற்கு? விரலை வைத்தாலே தெரியும் என்பார். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. பேச ஆரம்பித்தால் டேப்பின் இரண்டு முனையையும் இரண்டு கையால் பிடித்துக் கீழே இழுப்பார். சாதாரணப் பேச்சுக்குச் சாதாரண இழுப்பு, கோபம் வந்தால் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற இழுப்பு. ஒரு நாளைக்கு இருபது தடவையாவது அவருக்குக் கோபம் வரும்.

"ஊர்ல எல்லாருக்கும் சட்டை முழங்கையில கிழியும், இவருக்கு மட்டும் காலர்ல பின்னாடி கிழியுது," என்பாள் அவர் மனைவி. கடையில் காஜா எடுப்பதும் பட்டன் தைப்பதும் அவள் வேலை. ஊசியை வாயில் வைத்துக்கொண்டே பேசுவாள். அந்த ஊசி எப்போதாவது அவளைக் குத்தியிருக்கிறதா என்றால் இல்லை, குத்து வாங்குவதெல்லாம் அவர்தான்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் கடைக்கு வேலை பெருகியது. அதுவரைக்கும் அளவு எடுப்பதும் அவரே, வெட்டுவதும் அவரே. சமாளிக்க முடியாமல், வேறு கடையில் கட்டிங் பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டார். மாப்பிள்ளை தன் கத்திரியோடும், புதுசாக வாங்கிய வெள்ளை டேப்போடும் வந்து சேர்ந்தார். வந்த வாரமே ஒரு பெரிய வேலை கிடைத்தது. ஒரு பேண்டு வாத்தியக் குழுவுக்கு இருபத்துநாலு கோட்டு. பேண்டுக் கோட்டு என்றால் உடம்போடு ஒட்டி நிற்கவேண்டும், தொளதொளவென்று இருந்தால் அழகு கெட்டுவிடும். அளவுக்காரர் இருபத்துநாலு பேரையும் வரிசையில் நிறுத்தி அளந்து, அளவுப் புத்தகத்தில் எழுதினார். மாப்பிள்ளை புத்தகத்தைப் பார்த்து வெட்டினார். தைத்து, தேய்த்து, அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தாயிற்று.

நாலாவது நாள் பேண்டு மாஸ்டர் கடைக்கு வந்தார். பின்னாலேயே மொத்தக் குழுவும் வந்தது. மாஸ்டர் சட்டைப் பையில் கைவிட்டு, கை நிறையப் பித்தளைப் பட்டன்களை அள்ளி மேஜை மேல் கொட்டினார்.

"ஒரு பெரிய வரவேற்புல வாசிக்கப் போனோம்," என்றார். "முதல் பாட்டுக்கு ட்ரம்பெட்காரர் மூச்சை இழுத்தார். பட்டன் பறந்து போய் தலைமை விருந்தாளியோட மூக்குக் கண்ணாடியில பட்டுது. அடுத்து குழல்காரர் மூச்சை இழுத்தார். அடுத்து இவர். நாங்க பாட்டு வாசிச்சோமா பட்டன் அடிச்சோமான்னு எங்களுக்கே தெரியல."

குழுவில் சிலர் சிரிப்பை அடக்கினார்கள். அளவுக்காரருக்கு முகம் ஜிவுஜிவு என்று சிவந்துவிட்டது. முப்பது வருஷத்தில் அவர் கடை பட்டன் ஒன்றுகூடப் பறந்ததில்லை. டேப்பின் முனை இரண்டும் கைக்கு வந்துவிட்டன.

"மாப்பிள்ளை! என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"புத்தகத்துல இருக்கிறபடிதான் வெட்டினேன் மச்சான்," என்றார் மாப்பிள்ளை.

அளவுக்காரர் ட்ரம்பெட்காரரின் கோட்டைக் கழற்றச் சொல்லி மேஜையில் விரித்தார். கழுத்திலிருந்து தன் டேப்பை உருவி மார்பு அளவைப் பிடித்தார். பிறகு வழக்கறிஞர் மாதிரி எல்லோர் பக்கமும் திரும்பினார்.

"புத்தகத்துல நாப்பது. கோட்டுல முப்பத்தொன்பது! அடுத்த கோட்டைக் கொண்டாங்க. புத்தகத்துல முப்பத்தாறு, இதுல முப்பத்தஞ்சும் சொச்சமும்! ஒவ்வொரு கோட்டுலயும் ஒரு இஞ்சு. அந்தத் துணியெல்லாம் எங்க போச்சு?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். நாக்கு நிற்குமா? நீங்க என்பது நீ ஆயிற்று. "நான் முப்பது வருஷம் வெட்டினேன், ஒரு பட்டன் பறக்கல. நீ கை வச்ச முதல் வாரம் பறக்குது. சொந்த மச்சான் கடையிலயே துணி திருடுறியே, வெக்கமா இல்லை?"

இருபத்துநாலு பேரும் சிரிப்பை மறந்துவிட்டார்கள். தலையைக் குனிந்தார்கள். மாப்பிள்ளை மட்டும் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். அளவுக்காரர் கத்திக் களைத்துத் தண்ணீர் குடிக்கப் போனபோது, மேஜையில் கிடந்த அவர் டேப் பக்கத்தில் மாப்பிள்ளை குனிந்து என்னவோ செய்தார். பிறகு, "மச்சான், ஒரு நிமிஷம் இங்க வந்து பாருங்க," என்றார். குரலில் கோபமே இல்லை.

"உன் மூஞ்சியையே பாக்க வேண்டாம்னு இருக்கேன், இன்னும் என்னத்தைப் பாக்க?"

"ஒரே ஒரு நிமிஷம் மச்சான்."

"வெளியே போ!"

மாப்பிள்ளை போய்விட்டார். கத்திரியை எடுத்துக்கொண்டார், வெள்ளை டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார், போய்விட்டார். அளவுக்காரர் பழையபடி தானே வெட்டி இருபத்துநாலு கோட்டையும் புதுசாகத் தைத்துக் கொடுத்தார். அச்சில் வார்த்த மாதிரி சேர்ந்தது. அப்புறம் என்ன சாட்சி வேண்டும்? தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிரூபித்தே காட்டிவிட்டார் மனிதர். அன்றிலிருந்து தங்கையும் வருவதில்லை. வாரத்துக்கு மூன்று நாள் வந்து, கடை வாசலில் நின்றபடியே அண்ணா என்று ராகம் போட்டுக் கூப்பிட்டு, அண்ணியோடு சேர்ந்து அண்ணனைக் கேலி பண்ணிவிட்டுப் போகிற தங்கை. அந்தக் குரல் நின்றுபோனது அவருக்குத் தினமும் உறுத்தியது. உறுத்தினால் என்ன? திருடன் பெண்டாட்டிக்கு இவ்வளவு ரோஷமா என்று அதற்கும் கோபப்பட்டுக்கொண்டார்.

ஐந்து வருஷம் இப்படிப் போயிற்று. மன்னிப்பு அவருக்கு எப்போது தோன்றியது தெரியுமா? வலது தோள்பட்டை வலித்தபோது. டாக்டர் பார்த்துவிட்டு, இனிமேல் கத்திரியைத் தொடக்கூடாது என்றார். ரத்த அழுத்தமும் ஏறியிருக்கிறது, கோபத்தைக் குறையுங்கள் என்றார். அளவுக்காரர் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் காலையில் முகமெல்லாம் ஒளியாக, "நான் மாப்பிள்ளையை மன்னிச்சுடலாம்னு இருக்கேன்," என்று அறிவித்தார்.

"தோள்பட்டை மன்னிச்சுடுச்சுன்னு சொல்லுங்க," என்றாள் மனைவி.

அதையெல்லாம் பெரியவர்கள் காதில் போட்டுக்கொள்வார்களா? நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார். நாற்காலியில் உட்கார்ந்து, டேப் முனைகளைப் பிடித்துக்கொண்டு, வழியெல்லாம் மனப்பாடம் பண்ணியதை ஒப்பித்தார். குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்றார். நடந்தது நடந்துபோச்சு என்றார். நான் பெரிய மனசு பண்ணி எல்லாத்தையும் மன்னிச்சுட்டேன், நாளைக்கே வேலைக்கு வாங்க என்றார்.

மாப்பிள்ளையின் கண் அளவுக்காரரின் கழுத்தில் தொங்கிய மஞ்சள் டேப் மேலேயே இருந்தது. "சரி மச்சான்," என்றார் கடைசியில். "வரேன். ஒண்ணே ஒண்ணு. வெட்டுறதுக்கு உங்க டேப்தான் வேணும். என் டேப் வேண்டாம்."

அளவுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. எப்பேர்ப்பட்ட திருந்தல்! எப்பேர்ப்பட்ட பணிவு! தன் சொந்த டேப்பைத் தொடவே கூசுகிறதே மனுஷனுக்கு!

சமையலறை வாசலில் நின்றிருந்த தங்கை மட்டும் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. "மன்னிச்சாச்சா அண்ணா? ரொம்ப சந்தோஷம்," என்றாள். "அவர் வருவார். நான் உன் கடைக்கு வரமாட்டேன். அதுக்கும் சேத்து மன்னிச்சுடு."

அதையும் மன்னித்தார். கணக்கில்லாமல் மன்னிக்கிற கை ஆயிற்றே.

மறுநாளிலிருந்து மாப்பிள்ளை ஒவ்வொரு துணியையும் விரித்துவிட்டு, கையை நீட்டி, "மச்சான், டேப்பைக் கொடுங்க," என்பார். அளவுக்காரர் கழுத்திலிருந்து எடுத்துக் கொடுப்பார். வெட்டி முடித்ததும் திரும்பி வரும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, ஆறு வருஷம். ஒரு பட்டன் பறக்கவில்லை. "பாத்தீங்களா, என் டேப்பைக் கையில கொடுத்ததும் திருட்டுப் புத்தி எங்க போச்சு?" என்று வாடிக்கைக்காரர்களிடம் மெதுவாகச் சொல்வார். மெதுவாக என்றால் நாலு தையல் மெஷின் ஓடினாலும் கேட்கிற மெதுவு. புருஷன் பெண்டாட்டி சண்டை, அண்ணன் தம்பி வழக்கு என்று யார் வந்தாலும் இவர்தான் புத்தி சொல்வார். அளவு கொடுக்க வந்தவர்கள் உபதேசமும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

இந்தப் பெருந்தன்மைக்கு முடிவு ஒரு மேஜையால் வந்தது.

பழைய கட்டிங் மேஜையின் கால் ஆடியது. தச்சர் ஒருவரிடம் புதுசாக ஆறடி நீளத்துக்குச் செய்யச் சொல்லியிருந்தார்கள். ஒரு வியாழக்கிழமை காலையில் தச்சர் மேஜையைக் கொண்டுவந்து இறக்கினார். நல்ல கெட்டியான மேஜை. அளவுக்காரர் அதை ஒரு சுற்றுச் சுற்றினார், தட்டிப் பார்த்தார், கழுத்திலிருந்து டேப்பை எடுத்து நீளத்தைப் பிடித்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"ஆறடின்னா எழுபத்திரண்டு இஞ்சு. இது எழுபதும் கொஞ்சமும்தான் இருக்கு."

"இருக்காதுங்க," என்றார் தச்சர்.

"இருக்கே! நான் என்ன பொய்யா சொல்றேன்? ரெண்டு இஞ்சு பலகை உங்க வீட்டுக்குப் போயிருக்கு. பரவாயில்லை, பரவாயில்லை. நான் மன்னிச்சுட்டேன். மன்னிக்கிறது எனக்கு ஒண்ணும் புதுசு இல்லை. இதோ நிக்கிறாரே எங்க மாப்பிள்ளை, அவரைக் கேட்டுப் பாருங்க."

தச்சர் மாப்பிள்ளை ரகம் இல்லை. "என்னை எதுக்குங்க நீங்க மன்னிக்கணும்?" என்று இடுப்பிலிருந்து தன் ஸ்டீல் டேப்பை சர்ரென்று இழுத்தார்.

அப்போதுதான் மாப்பிள்ளை பாய்ந்து வந்தார். ஆறு வருஷத்தில் அவர் இவ்வளவு வேகமாக நடந்து யாரும் பார்த்ததில்லை. ஸ்டீல் டேப்பின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டு, "விடுங்கண்ணே, மேஜை போதும். நான் இதுலயே சமாளிச்சுக்குவேன். டீ சாப்பிடப் போலாம் வாங்க," என்றார். நெற்றியெல்லாம் வேர்வை.

"கையை எடுங்க தம்பி. திருடன் பட்டம் வாங்கிக்கிட்டு டீயா?" தச்சர் ஸ்டீல் டேப்பை மேஜை நெடுகிலும் ஓட்டினார். எழுபத்திரண்டு. ஒரு நூல்கூடக் குறையவில்லை. பிறகு அளவுக்காரரின் கையிலிருந்த மஞ்சள் டேப்பை வாங்கி, ஸ்டீல் டேப்பின் பக்கத்திலேயே நீட்டிப் படுக்க வைத்தார். முனையும் முனையும் சேர்ந்தாற்போல ஆரம்பித்தன. பத்து வரைக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இருபதில் மஞ்சள் டேப் அரை இஞ்சு முந்தியது. நாற்பதில் ஓர் இஞ்சு. மஞ்சள் டேப்பில் அறுபது முடிகிற இடத்தில் ஸ்டீல் டேப்பில் அறுபத்தொன்றரை இருந்தது.

"இழுத்து இழுத்து ரப்பர் ஆக்கி வச்சிருக்கீங்க," என்றார் தச்சர். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். மேஜை எங்க வைக்கணும்?"

தையல் மெஷின்கள் நின்றிருந்தன. மனைவி வாயிலிருந்து ஊசியை எடுத்தாள், அவள் அதை எடுப்பது அபூர்வம். "அப்ப அந்த பேண்டுக் கோட்டு?" என்றாள்.

அளவுக்காரருக்கு அதற்குள் கணக்கு ஓடி முடிந்துவிட்டது. நீண்டுபோன டேப்பால் நாற்பத்தொரு இஞ்சு மார்பை அளந்தால் நாற்பது என்று காட்டும். புத்தகத்தில் நாற்பது. மாப்பிள்ளை நல்ல டேப்பால் நாற்பது வெட்டினால் கோட்டு ஓர் இஞ்சு பிடிக்கும், பட்டன் பறக்கும். அதே நாற்பதை நீண்டுபோன டேப்பால் மறுபடி அளந்தால் முப்பத்தொன்பது. இதே டேப்பால் அளந்து இதே டேப்பால் வெட்டினால் ஒரு தப்பு இன்னொரு தப்பைச் சரிக்கட்டிவிடும். மச்சான், டேப்பைக் கொடுங்க. மச்சான், டேப்பைக் கொடுங்க. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அவருக்கு அந்த நிமிஷம் எங்கேயாவது ஓடி ஒளிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. கடையில் ஒளிய ஏது இடம்? நேரே போட்டுப் பார்க்கிற அறைக்குள் நுழைந்து திரையை இழுத்துக்கொண்டார். வாடிக்கைக்காரர்கள் தங்கள் கோட்டை எல்லாப் பக்கமும் பார்த்துக்கொள்வதற்காக அந்த அறையில் மூன்று பக்கமும் ஆளுயரக் கண்ணாடி வைத்திருந்தார், அவர் யோசனைதான். இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே ஆள் நின்றுகொண்டிருந்தான். காலர் கிழிந்தவன்.

"மச்சான், வெளியே வாங்க," என்றது மாப்பிள்ளையின் குரல். "ஒருத்தர் பேண்ட்டு போட்டுப் பாக்க நிக்கிறார்."

"நிக்கட்டும். உங்களுக்கு எப்ப தெரியும்?"

"அன்னிக்கே தெரியும். நீங்க தண்ணி குடிக்கப் போனப்ப ரெண்டு டேப்பையும் சேத்து வச்சுப் பாத்தேன்."

"ஏன் சொல்லல?"

"ஒரு நிமிஷம் வந்து பாருங்கன்னு ரெண்டு தடவை சொன்னேன் மச்சான்."

அந்த ஒரு நிமிஷத்துக்குப் பதினொரு வருஷம் ஆகியிருந்தது. "சரி, அதுக்கப்புறம்? நான் பெரிய இவனாட்டம் உங்க வீட்டுக்கு வந்து மன்னிச்சேனே, அப்பவாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"நீங்க வந்துட்டுப் போன அன்னிக்கு உங்க தங்கச்சி நீங்க குடிச்ச டம்ளரைக் கழுவாம ரொம்ப நேரம் கையில வச்சிக்கிட்டு நின்னா. அஞ்சு வருஷம் கழிச்சு அண்ணன் வந்து உக்காந்த நாற்காலி. நான் அப்பப் போய் டேப்பைப் பத்திப் பேசினா நீங்க மறுபடி வருவீங்களா? டேப்பைக் கேட்டு வாங்குறதுல எனக்கு என்ன கஷ்டம்?"

"அப்புறம் ஏன் அவ வரல?"

"மன்னிச்சேன் மன்னிச்சேன்னு நீங்க சொல்றது காதுல விழற இடத்துக்கு மட்டும் வரமாட்டேன்னுட்டா."

திரை சரேலென்று திறந்தது. அளவுக்காரர் நேரே கத்திரியை எடுத்து, மஞ்சள் டேப்பை இரண்டு துண்டாக்கப் போனார். பாதகம் செய்த டேப்பைத் தண்டித்துவிட்டால் தன் பாரம் குறையும் என்று அந்த நேரத்திலும் ஒரு சாமர்த்தியம். மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டார்.

"வெட்டிடாதீங்க மச்சான். அளவுப் புத்தகம் பூரா இந்த டேப்புல எடுத்தது. இது போச்சுன்னா பழைய வாடிக்கைக்காரங்க ஒருத்தருக்கும் சட்டை சேராது. ஒவ்வொருத்தரா வர வர, புது டேப்புல மாத்தி எழுதணும். அது வரைக்கும் இது இருக்கணும்."

தண்டிக்கவும் வழியில்லை. டேப் திரும்பக் கழுத்துக்கு வந்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அது கனத்தது.

மத்தியானம் மனைவி சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துவிட்டுக் கேட்டாள். "என்ன பண்ணப் போறீங்க?"

"மாப்பிள்ளையைத் தனியாக் கூப்பிட்டு மன்னிப்புக் கேக்கலாம்னு..."

"ஊரைக் கூட்டி வச்சுத் திட்டுவீங்க, மன்னிப்பு மட்டும் மூலையில கேப்பீங்களா? நல்லா இருக்கே நியாயம்."

அன்று சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே, அளவுக்காரர் மாப்பிள்ளையை வற்புறுத்தி அழைத்துக்கொண்டு பேண்டுக் குழு பயிற்சி செய்கிற கூடத்துக்குப் போனார். தச்சரிடம் கெஞ்சி ஸ்டீல் டேப்பையும் இரவல் வாங்கிக்கொண்டார். வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். மன்னிப்புக் கொடுக்கிற பேச்சு ஆறு வருஷப் பழக்கத்தில் தண்ணீர் பட்ட பாடு. கேட்கிற பேச்சுக்கு முதல் வார்த்தையே வரவில்லை.

கூடத்தில் மடக்கு நாற்காலிகளில் குழு உட்கார்ந்திருந்தது. பேண்டு மாஸ்டர் கையைத் தூக்கி வாசிப்பை நிறுத்தினார். இருபத்துநாலு ஜோடிக் கண்ணும் இவரைப் பார்த்தன. அளவுக்காரர் தொண்டையைக் கனைத்தார். கை தானாக டேப் முனைக்குப் போயிற்று.

"நான் இப்ப உங்க எல்லாரையும் மன்னிச்சு..." என்று ஆரம்பித்துவிட்டார். நாக்குக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்! பளாரென்று தன் வாயிலேயே தட்டிக்கொண்டார். பிறகு பேச்சை விட்டுவிட்டு, தரையில் மண்டியிட்டு, இரண்டு டேப்பையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துக் காட்டினார். ஒவ்வொருவராக வந்து குனிந்து பார்த்தார்கள்.

"துணி திருடல இவர்," என்றார் தரையில் இருந்தபடியே. "ஒரு இஞ்சு துணிகூடத் திருடல. என் டேப் நீண்டு போச்சு. தானா நீளல, நான் கத்திக் கத்தி இழுத்ததுல நீண்டுது. உங்க எல்லார் முன்னாடியும் இவரைத் திருடன்னு சொன்னேன். நீன்னு பேசினேன். தப்பு என்னுது."

பின் வரிசையிலிருந்து ட்ரம்பெட்காரர் எழுந்தார், நல்ல பருமனான மனிதர். "அப்ப நான் குண்டாயிட்டேன்னு நினைச்சு மூணு மாசம் பட்டினி கிடந்தேனே, அதுக்கு யாருங்க பதில் சொல்றது?" என்றார். கூடமே சிரித்தது. அளவுக்காரரும் சிரித்தார், சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

எழுந்து மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "என்னை மன்னிக்கணும் மாப்பிள்ளை."

"சரி மச்சான்," என்றார் மாப்பிள்ளை.

அதே இரண்டு வார்த்தை. அதே குரல். ஆறு வருஷத்துக்கு முன்னால் தங்கை வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து கேட்டதும் இதையேதான். அன்றைக்குத் தான் கொடுக்கப் போயிருந்ததாக நினைத்திருந்தார். வாங்கிக்கொண்டு வந்தது இப்போதுதான் அவருக்கு விளங்கியது.

மறுநாள் காலை புது டேப் ஒன்று வாங்கி, கழுத்தில் போடாமல் மேஜை மேல் சுருட்டி வைத்தார். யாரையும் மன்னிக்கவில்லை. வாடிக்கைக்காரர்களுக்கே ஒரு மாதிரி இருந்தது, உடம்பு சரியில்லையா என்று ஒருவர் கேட்டார். தங்கை வீட்டுக்குப் போகலாமா என்று நூறு தடவை எழுந்தார், நூறு தடவை உட்கார்ந்தார். போய் என்ன சொல்வது? அவள் கதவைச் சாத்தினால்? சாத்துவதற்கு அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது. மன்னிப்பது கஷ்டம், அது எல்லோருக்கும் வராது என்று ஊருக்கெல்லாம் சொன்னாரே, கேட்டுவிட்டுக் காத்திருப்பது எப்படியிருக்கும் என்று அவருக்கு ஒருவரும் சொன்னதில்லை.

பதினோரு மணி இருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. அவர் நிமிர்ந்தார். தங்கை. காதோரம் நரைத்திருந்தது. ராகம் போட்டுக் கூப்பிடவில்லை. அண்ணியைப் பார்த்துத் தலையசைத்தாள், புருஷனைப் பார்த்தாள், கடையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நேரே வந்து கண்ணாடி முன்னால் நின்றாள்.

"எனக்கு ஒரு கோட்டு தைக்கணும்," என்று இரண்டு கையையும் தூக்கினாள்.

அளவுக்காரர் புது டேப்பை எடுத்தார். முதுகைச் சுற்றி டேப்பைக் கொண்டுவந்து முன்னால் சேர்த்தார். மாப்பிள்ளை பென்சிலோடு அளவுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். எண்ணைச் சொல்லவேண்டிய நேரத்தில் அவருக்கு வேறு வார்த்தைதான் வந்தது.

"என்னை மன்னிச்சிட்டியாம்மா?"

"அளவெடுக்கும்போது பேசாதேண்ணா," என்றாள் தங்கை, கண்ணாடியைப் பார்த்தபடியே. "பேசினா இழுத்துடுவே."

அளவுக்காரர் வாயை மூடிக்கொண்டார். டேப்பைப் பிடித்திருந்த விரல்களைத் தளர்த்தினார். எண்ணைப் படித்தார், நம்பாமல் இன்னொரு தடவை படித்தார், பிறகு மாப்பிள்ளையை அருகில் அழைத்து, "நீங்களும் ஒருதரம் பாத்துச் சொல்லுங்க," என்றார்.